ஊதா வெளிச்சத்தில் ஓர் ஊர்

கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரம் சாக்ரமென்டோ. சினிமாவுக்கு லாஸ் ஏஞ்சலிஸ், கம்ப்யூட்டருக்கு சிலிக்கான் பள்ளத்தாக்கு, அழகுக்கு சான் பிரான்சிஸ்கோ என்று மற்ற ஊர்கள் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட, தலைநகரத்துக்கு மிஞ்சியது அரசு அலுவலகங்களும் கோடை வெயிலும்தான். அங்கே 2022 அக்டோபரிலிருந்து ஒரு புதுப் பழக்கம். நகரத்தின் நடுவில் இருக்கும் கூடைப்பந்து அரங்கிலிருந்து சில இரவுகளில் ஊதா நிறத்தில் ஓர் ஒளிக்கற்றை கிளம்பி நேராக வானத்துக்குப் போகிறது. கிங்ஸ் அணி ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். வெளியூரில் ஆடி ஜெயித்தாலும் விளக்கு இங்கேதான் எரியும். தோற்றால் இருட்டு.

விளக்கு எரிந்ததும் ஊர் போனைக் கையில் எடுக்கிறது. மாடியிலிருந்தும், வீட்டு வாசலிலிருந்தும், காரை ஓரங்கட்டிவிட்டும் அந்த ஒளியைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். அதன் பின்னாலேயே அன்றைய ஆட்டத்தின் ஹைலைட்ஸ் வரத் தொடங்கும். பத்து விநாடி, இருபது விநாடித் துண்டுகள். ஒருவர் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்த காட்சி, கடைசி நிமிடத்தில் தூரத்திலிருந்து எறிந்து விழுந்த பந்து, பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து குதித்த குதி. அதே துண்டை நாலு பேர் நாலு முறை அனுப்புவார்கள். "ஏற்கெனவே பார்த்தாயிற்றே" என்று யாரும் சலித்துக்கொள்வதில்லை. கல்யாண ஆல்பத்தைப் பத்தாவது தடவை புரட்டும் வீட்டில் யார் சலித்துக்கொள்கிறார்கள்?

இந்தத் துண்டுகள் கடல் தாண்டியும் போகின்றன. அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியக் கடிகாரத்தில் மறுநாள் காலை ஏழரை அல்லது எட்டரை மணி. ஆபீசுக்கும் காலேஜுக்கும் கிளம்பும் நேரம். முழு ஆட்டத்தைப் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் மீது ஆசை வைத்த இந்திய ரசிகருக்கு வேலை நாளில் வாய்ப்பது ரயிலிலும் பஸ்ஸிலும் பார்க்கும் இந்த ஹைலைட்ஸ்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெட்டிப் பொழுதுபோக்கு. பத்து பேர் ஒரு பந்தைத் துரத்தியதை மறுபடி மறுபடி பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆனால் சாக்ரமென்டோவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அணியைப் பறிகொடுக்கும் விளிம்புவரை போய்த் திரும்பிய ஊர் அது. நேற்றைய ஆட்டத்தின் காட்சி கையில் இருக்கிறது என்றால், நேற்று ஆடுவதற்கு ஓர் அணி இருந்தது என்று பொருள். அந்த நிம்மதியைத்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் விளையாட்டு அணி என்பது ஊரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் ஊருக்குச் சொந்தமானதல்ல. அது தனி முதலாளியின் சொத்து. லாபம் போதவில்லை என்றாலோ, வேறு ஊர் நல்ல அரங்கம் கட்டித் தருகிறேன் என்றாலோ, லீக்கின் மற்ற முதலாளிகள் சம்மதித்தால் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடலாம். கிங்ஸ் அப்படி நாடோடியாகத் திரிந்த அணிதான். நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் ராயல்ஸ் என்ற பெயரில் பிறந்து, 1951-ல் என்.பி.ஏ. பட்டம் வென்றது. அது ஒன்றுதான் இதுவரை வாங்கிய பட்டம். 1957-ல் சின்சினாட்டி. 1972-ல் கன்சாஸ் சிட்டி. 1985-ல் சாக்ரமென்டோ. ஒவ்வொரு இடமாற்றத்திலும் பின்னால் ஓர் ஊர் விடப்பட்டது. அந்த ஊர்களின் ரசிகர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

சாக்ரமென்டோ பெரிய ஊர் அல்ல. ஜனத்தொகை 5 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். பெரிய லீக் எதிலும் அதற்கு வேறு அணி கிடையாது என்பதால் கிங்ஸ் மீது மொத்தப் பாசத்தையும் கொட்டியது. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் பயிற்சியாளர் பில் ஜாக்சன் ஒருமுறை சாக்ரமென்டோவை அரைகுறை நாகரிகம் கொண்ட ஊர் என்கிற தொனியில் கிண்டல் செய்தார். ரசிகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மாட்டு மணிகளை அரங்கத்துக்குக் கொண்டுவந்து அவர் காதுக்குப் பின்னால் நின்று ஆட்டினார்கள். அதற்குப் பிறகு மாட்டு மணி சத்தம் கிங்ஸ் ஆட்டங்களின் அடையாளமாகிவிட்டது.

அந்தக் காலம்தான் அணியின் பொற்காலம். கிறிஸ் வெபர், விளாடே டிவாட்ஸ், பெஜா ஸ்டோயகோவிச், மைக் பிபி என்று ஆடியவர்கள் பந்தைக் கைமாற்றும் அழகுக்காகவே நாடு முழுவதும் பார்க்கப்பட்டார்கள். 2002-ல் அரை இறுதிக்குச் சமமான மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் லேக்கர்ஸோடு மோதினார்கள். ஆறாவது ஆட்டத்தில் ஜெயித்தால் இறுதிப் போட்டி. அந்த ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ கிடைத்தது. எதிராளி தவறு செய்தால் யாரும் மறிக்காமல் நின்று எறியத் தரப்படும் சலுகை இது. கிங்ஸ் 106-102 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தையும் கூடுதல் நேரத்தில் பறிகொடுத்தது. சூதாட்ட வழக்கில் சிக்கிய முன்னாள் நடுவர் டிம் டோனகி 2008-ல், 2002-ம் வருடத் தொடர் ஒன்றின் ஆறாவது ஆட்டத்தை நடுவர்கள் வேண்டுமென்றே திசை திருப்பினார்கள் என்று கோர்ட் ஆவணத்தில் குற்றம் சாட்டினார். லீக் அதை அடியோடு மறுத்தது. விவகாரம் அதோடு முடிந்தது. ஆனால் சாக்ரமென்டோவில் முடியவில்லை. ஒவ்வொரு விசில் சத்தத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் அந்த ஆட்டத்தின் விடியோ துண்டுகள் இன்றைக்கும் சுற்றிவருகின்றன. காட்சிகளைப் பகிர்வது சந்தோஷத்துக்காக மட்டும் என்று யார் சொன்னது? சாட்சியத்தைப் பாதுகாப்பதும் அதில் அடக்கம்.

அடுத்து வந்தது சறுக்கல். 2006-க்குப் பிறகு அணி முதல் சுற்று நாக்-அவுட்டுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. அரங்கம் பழசாகிவிட்டது. அதை வைத்திருந்த மலூஃப் குடும்பத்துக்கு லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதித் தொழில். 2008-ன் பொருளாதாரச் சரிவு அவர்களையும் அடித்தது. 2011-ல் அணி தெற்கே அனஹைம் நகரத்துக்குப் போகப் போகிறது என்ற பேச்சு ஏறக்குறைய உறுதியானது.

2011 ஏப்ரல் 13. சீசனின் கடைசி ஆட்டம். எதிரே அதே லேக்கர்ஸ். இதுதான் சாக்ரமென்டோ மண்ணில் கிங்ஸ் ஆடும் கடைசி ஆட்டம் என்று நம்பியே ஜனங்கள் வந்திருந்தார்கள். 20 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணி விடாமல் துரத்தி ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தது. கடைசியில் 116-108 என்று தோற்றது. தோற்ற பிறகும் கூட்டம் கலையவில்லை. ஊரின் பெயரைக் கோஷமாகச் சொல்லிக்கொண்டு நாற்காலிகளிலேயே இருந்தது. டி.வி.யில் வர்ணனை செய்த கிராண்ட் நேப்பியரும், ஒரு காலத்தில் அணியின் பயிற்சியாளராக இருந்த ஜெரி ரெனால்ட்ஸும் பேச முடியாமல் குரல் உடைந்தார்கள். அந்த விடியோ துண்டில் பந்து ஒருமுறைகூட வளையத்துக்குள் விழுவதில்லை. இரண்டு ஆண்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அழுகிறார்கள், அவ்வளவுதான். கிங்ஸ் ரசிகர்கள் அதிகம் பகிர்ந்த காட்சிகளில் அதுவும் ஒன்று.

அந்தக் கண்ணீருக்கு ஒரு வருட அவகாசம் கிடைத்தது. ஊரின் மேயர் கெவின் ஜான்சன் சாக்ரமென்டோவில் பிறந்து, ஃபீனிக்ஸ் அணிக்காக என்.பி.ஏ.வில் ஆடிப் பெயர் வாங்கியவர். லீக்கின் கதவைத் தட்டும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளூர் கம்பெனிகளிடம் விளம்பர வாக்குறுதிகள் வாங்கினார். ரசிகர்கள் டிக்கெட் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். 2012-ல் புது அரங்கத்துக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது, முதலாளிகள் பின்வாங்கினார்கள். 2013 ஜனவரியில் மறுபடி இடி. அணியை சியாட்டில் கோஷ்டி ஒன்றுக்கு விற்க மலூஃப் குடும்பம் சம்மதித்துவிட்டது. கிறிஸ் ஹேன்சன், மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மர் என்று கனத்த கைகள்.

இங்கேதான் கதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. சியாட்டில் கொள்ளைக்கார ஊர் அல்ல. அதுவே பறிகொடுத்த ஊர். சூப்பர்சானிக்ஸ் என்ற அதன் அணி 1967-ல் தொடங்கி 41 வருடம் அங்கே ஆடியது. 1979-ல் பட்டம் வென்றது. ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளின் ஹாவர்ட் ஷுல்ட்ஸ் 2006-ல் அதை ஓக்லஹோமா முதலாளிகளுக்கு 35 கோடி டாலருக்கு விற்றார். பொதுப் பணத்தில் புது அரங்கம் கட்டித்தர ஊர் சம்மதிக்கவில்லை. 2008-ல் அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போய் தண்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நஷ்டஈடாக நகரத்துக்கு 4.5 கோடி டாலர் கிடைத்தது. சானிக்ஸ் என்ற பெயரும் பச்சை, தங்க நிறங்களும் சியாட்டிலுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டன. ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள், சட்டை நிறம் மட்டும் மிஞ்சியது. ரசிகர்கள் சிலர் சேர்ந்து அணி போன கதையை 'சானிக்ஸ்கேட்' என்ற ஆவணப் படமாக எடுத்து 2009-ல் இன்டர்நெட்டில் இலவசமாக வெளியிட்டார்கள்.

அந்தச் சியாட்டில்தான் 2013-ல் சாக்ரமென்டோவின் அணிக்கு விலை பேசியது. தன் வீட்டில் திருடுபோன சைக்கிளுக்குப் பதிலாக அடுத்த வீட்டு சைக்கிளை விலைக்குக் கேட்பது போல. இரண்டு ஊரின் ரசிகர்களும் ஒரே விதமான பழைய காட்சிகளை ஒருவருக்கொருவர் காட்டி, எங்கள் பாசம்தான் பெரியது என்று வாதாடினார்கள். யார் சொன்னதும் பொய்யில்லை.

மே 15-ல் டல்லாஸ் நகரத்தில் லீக்கின் முதலாளிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். இடமாற்றத்துக்கு எதிராக 22, ஆதரவாக 8. கிங்ஸ் நின்றது. அதை வாங்கியவர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே.

ரணதிவே எம்.ஐ.டி.யில் படித்து, டிப்கோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனியை நிறுவியவர். அவர் வளர்ந்த ஊரில் கிரிக்கெட்தான் எல்லாம். கூடைப்பந்தை அமெரிக்காவில் தன் மகளின் பள்ளி வயது அணிக்குப் பயிற்சியாளராகி, புதிதாகக் கற்றுக்கொண்டார். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் பங்கு வாங்கியிருந்தவர், அதை விட்டுவிட்டு, கிங்ஸை 53.4 கோடி டாலர் மதிப்பில் வாங்கிய கோஷ்டிக்குத் தலைமை ஏற்றார். ஓர் என்.பி.ஏ. அணியின் தலைமை முதலாளி நாற்காலியில் இந்தியாவில் பிறந்த ஒருவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. பஞ்சாபிப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த ஏழடி ஐந்தங்குல சிம் புல்லர், 2015 ஏப்ரலில் கிங்ஸ் சட்டையில்தான் களம் இறங்கினார். இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. ஆட்டம் ஆடிய முதல் மனிதர். மூன்றே ஆட்டங்கள், அதுவும் ஆட்டத்துக்குச் சில விநாடிகள், ஒரு நிமிடம் என்ற கணக்கு. ஆனால் அந்தச் சில விநாடிகளின் விடியோ ஜலந்தர்வரை போயிற்று என்றால் ஆச்சரியப்பட ஏதுமில்லை. 2019 அக்டோபரில் மும்பை வொர்லியின் உள்ளரங்கில் என்.பி.ஏ. முதல் முறையாக இந்தியாவில் ஆட்டம் நடத்தியபோதும் வந்த அணிகளில் ஒன்று கிங்ஸ். முதல் நாள் சுமார் 3,000 பள்ளிப் பிள்ளைகள் முன்னிலையில் இன்டியானா பேசர்ஸ் 132-131 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. மறுநாளும் கிங்ஸுக்குத் தோல்விதான்.

அணி நின்றது சரி, பில் யாருக்கு வந்தது? லீக்கின் நிபந்தனை புது அரங்கம். அதற்காக நகர சபை 25.5 கோடி டாலர் அளவுக்குப் பொதுப் பணத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. நகரத்தின் பார்க்கிங் கட்டண வருமானத்தை நம்பிக் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. விளையாட்டு அரங்கங்களுக்குக் கொட்டும் பொதுப் பணம் ஊருக்கு லாபமாகத் திரும்புவதில்லை என்று பொருளாதார நிபுணர்களில் பெரும்பாலோர் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். அரங்கம் 2016-ல் திறந்தது. அணியின் மதிப்பு அதன் பிறகு பல மடங்கு ஏறிவிட்டது. அந்த ஏற்றத்தில் பார்க்கிங் கட்டணம் கட்டியவருக்குப் பங்கு இல்லை. ஊர் கூடித் தேர் இழுக்கிறது. தேர் நிலைக்கு வந்ததும் சாவி ஒருவர் இடுப்பில்.

அந்தச் சாவி பற்றிய கேள்வி 2018 மார்ச்சில் அரங்க வாசலுக்கே வந்தது. ஸ்டெஃபான் கிளார்க் என்ற 22 வயது கறுப்பின இளைஞரைத் தன் பாட்டி வீட்டுக் கொல்லையில் நகரப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். கையில் துப்பாக்கி என்று போலீஸ் நினைத்தது, இருந்தது செல்போன். மார்ச் 22 அன்று போராட்டக்காரர்கள் கை கோர்த்து அரங்கின் வாசல்களை மறித்தார்கள். 17,000 பேருக்கு மேல் உட்காரும் இடத்தில் ஆட்டம் சுமார் 2,400 பேர் முன்னால் நடந்தது. ஆட்டம் முடிந்ததும் ரணதிவே ஆட்டக்காரர்களை அருகில் நிறுத்திக்கொண்டு மைக்கைப் பிடித்து, போராடுபவர்களின் உரிமையை மதிப்பதாகவும், இப்படி ஒன்று மறுபடி நடக்காமல் தடுக்கும் வேலையில் தாங்களும் சேர்வதாகவும் பேசினார். அன்று இரவு ஊர் பகிர்ந்த ஹைலைட்ஸ் அந்தப் பேச்சும், காலி நாற்காலிகளும், வாசலில் கோத்த கைகளும்தான். தங்கள் பணத்தில் கட்டிய இடத்தில் தங்கள் துக்கத்துக்கும் இடம் உண்டு என்று ஜனங்கள் காட்டிவிட்டார்கள்.

ஆட்டத்தில் மட்டும் அணி தேறவே இல்லை. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். நல்ல ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுச் சுமாரானவர்களைத் தேர்ந்தெடுப்பதில் கிங்ஸ் தனித் திறமை காட்டியது. தொடர்ந்து 16 சீசன்கள் பிளே-ஆஃப் இல்லை. என்.பி.ஏ. வரலாற்றிலேயே இவ்வளவு நீண்ட வறட்சி வேறு அணிக்கு இருந்ததில்லை. முப்பது அணிகளில் பாதிக்கு மேல் நுழையும் சுற்று அது என்பதை நினைத்தால் வேதனை புரியும். 2013 நவம்பரில் பழைய அரங்கத்தில் 126 டெசிபல் சத்தம் போட்டு அப்போதைய கின்னஸ் சாதனை படைத்ததும் இதே ரசிகர்கள்தான். ஆட்டத்தில் கிடைக்காத சாதனையைத் தொண்டையால் வாங்கினார்கள்.

2022-ல் மைக் பிரவுன் பயிற்சியாளராக வந்தார். சீசனின் முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. அக்டோபர் 29 அன்று மயாமியை வென்றபோதுதான் ஊதா விளக்கு முதல் முறையாக எரிந்தது. அணி நிர்வாகத்தின் விளம்பர உத்திதான் அது. ஆனால் ஒரு மாதத்துக்குள் ரசிகர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆட்டம் முடியும் முன்பே "விளக்கைப் போடு" என்று அரங்கம் கத்த ஆரம்பித்தது. அன்று நன்றாக ஆடியவர் ஒரு பெரிய பொத்தானை அழுத்துவார். 2023 பிப்ரவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 176-175 என்று கிங்ஸ் வென்றது. என்.பி.ஏ.யின் இத்தனை வருட வரலாற்றில் அதைவிட அதிகப் புள்ளிகள் விழுந்த ஆட்டம் 1983-ல் நடந்த ஒன்றே ஒன்று. மலிக் மங்க் பெஞ்சிலிருந்து இறங்கி 45 புள்ளி, டீ'ஆரன் ஃபாக்ஸ் 42. அந்த இரவின் காட்சிகள் எத்தனை கை மாறின என்று எண்ண முடியாது. மார்ச் 29-ல் போர்ட்லண்டை 120-80 என்று நசுக்கியபோது பிளே-ஆஃப் உறுதியாயிற்று. பள்ளிப் பையனாகக் காத்திருக்கத் தொடங்கியவர் தன் பிள்ளையைத் தோளில் தூக்கி விளக்கைக் காட்டும் வயதுக்கு வந்திருந்தார்.

பக்கத்து ஊர் வாரியர்ஸோடு முதல் சுற்று. தொடர் ஏழு ஆட்டம்வரை போனது. ஏழாவது ஆட்டத்தில் ஸ்டீஃபன் கரி தனியாளாக 50 புள்ளி எடுத்தார். எந்தத் தொடரிலும் ஏழாவது ஆட்டத்தில் அதுவரை யாரும் எடுக்காதது. அன்று விளக்கு எரியவில்லை. பிரவுன் அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளராக ஒரு ஓட்டுகூட மாறாமல் தேர்ந்தெடுக்கப்பட்டார்; இறுக்கமான நேரங்களில் சிறந்து ஆடுபவருக்கென்று புதிதாகத் தொடங்கிய விருது ஃபாக்ஸுக்கு.

இந்தக் காட்சிகள் இவ்வளவு தாராளமாகக் கைமாறுவதற்கு லீக்கின் பெருந்தன்மையும் ஒரு காரணம். முன்பு அப்படி இருந்ததில்லை. 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். இன்றுவரை யாரும் நெருங்காத சாதனை. அந்த ஆட்டத்தின் படச்சுருள் எதுவும் கிடையாது. பார்த்தவர்கள் 4,124 பேர். வெள்ளைத் தாளில் 100 என்று எழுதி அவர் கையில் பிடித்திருக்கும் புகைப்படம்தான் எல்லாருக்கும் தெரிந்தது. கடைசிக் கால் பகுதியின் ரேடியோ வர்ணனை மட்டும் பிழைத்தது. நள்ளிரவுக்குப் பின் மறு ஒலிபரப்பு ஆனபோது ஜிம் டிரிலீஸ் என்ற கல்லூரி மாணவர் டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார். பின்னாளில், பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் பெற்றவர் அவர். 2016-ல் அந்த வர்ணனை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் சேர்ந்தது. நிறுவனங்கள் கோட்டை விட்டதை ஒரு ரசிகரின் தூக்கமின்மை காப்பாற்றியது. 1980-ல் கூட நிலைமை பெரிதாக மாறவில்லை. முதல் வருட ஆட்டக்காரரான மேஜிக் ஜான்சன் 42 புள்ளி எடுத்துப் பட்டம் வாங்கித்தந்த ஆட்டத்தை நாட்டின் பெரும் பகுதியில் டி.வி. நேரடியாகக் காட்டவில்லை. இரவு வெகுநேரம் கழித்துப் பதிவாக ஓட்டினார்கள்.

இன்றைய தலைவர் ஆடம் சில்வரின் கணக்கு வேறு. ஹைலைட்ஸ் என்பது நொறுக்குத் தீனி, முழு ஆட்டம் சாப்பாடு. தீனியை இலவசமாகக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு ஆள் வரும் என்று விளக்குவார். வியாபாரி தரும் இலவசத்துக்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு. ஓமர் ராஜா என்ற ஃப்ளோரிடா கல்லூரி மாணவர் 2014-ல், தனக்குப் பிடித்த மயாமி அணி கலைந்துபோன ஏக்கத்தில், பழைய காட்சிகளை 'ஹவுஸ் ஆஃப் ஹைலைட்ஸ்' என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் போடத் தொடங்கினார். மளமளவென்று ஆள் சேர்ந்தது. சீக்கிரத்திலேயே ஒரு பெரிய விளையாட்டு ஊடகக் கம்பெனி அதை விலைக்கு வாங்கிவிட்டது. ரசிகரின் ஏக்கத்துக்கும் மார்க்கெட்டில் விலை உண்டு.

அதற்காக ஏக்கம் பொய்யாகிவிடாது. சாக்ரமென்டோ ரசிகர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். 2024 டிசம்பரில் பிரவுன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸ் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார். 176-175 ஆட்டத்தின் விடியோவில் கிங்ஸ் சட்டையில் துள்ளியவர் இப்போது எதிரணி. அதற்காக யாரும் அந்தத் துண்டை அழித்துவிடவில்லை. பயிற்சியாளரும் ஆட்டக்காரரும் முதலாளியும் மாறுவார்கள் என்பது அவர்களுக்கு 1985-லேயே சொல்லப்பட்ட பாடம். போகாமல் நிற்பது அரங்கமும், அதற்கு வாங்கிய கடனும், பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்களும்.

சியாட்டிலின் நிலைமையோடு ஒப்பிட்டால் அதன் அருமை தெரியும். 2025 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் பட்டம் வென்றது. ஒரு காலத்தில் சியாட்டிலுடையதாக இருந்த அதே அணி. அந்த இரவின் ஹைலைட்ஸ் சியாட்டில் ரசிகரின் போனுக்கும் வந்திருக்கும். அதை அவர் யாருக்கு அனுப்புவார்? அவரிடம் இருப்பது கேரி பேட்டனும் ஷான் கெம்ப்பும் பச்சைச் சட்டையில் பறந்த தொண்ணூறுகளின் மங்கலான காட்சிகள். மகன் கேட்டால், "அடுத்த ஆட்டம் எப்போது" என்ற கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை. அந்த வருடம் லீக் புதிய அணிகள் சேர்ப்பது பற்றி ஆராயத் தொடங்கியபோது முதலில் அடிபட்ட ஊர்ப் பெயர்களில் சியாட்டிலும் ஒன்று. இந்த முறை யார் வீட்டு சைக்கிளுக்கும் விலை பேச வேண்டியதில்லை என்பது ஆறுதல்.

சாக்ரமென்டோவில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அணி நன்றாக ஆடாத வருடங்களிலும் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாலு ஆட்டம். அதில் ஒன்றாவது ஜெயிக்கக்கூடும். ஜெயித்தால் பத்து மணி சுமாருக்கு ஊதா விளக்கு எரியும். யாராவது ஒருவர் மாடியில் நின்று, ஏற்கெனவே நூறு முறை எடுத்த அதே படத்தை நூற்று ஒன்றாவது முறையாக எடுத்து நண்பருக்கு அனுப்புவார். நண்பர் பக்கத்துத் தெருவில் நின்று அதே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.